வேபர் என்னும் குடிப்பெயர்

ஒரு மனிதனை அவன் செய்யும் தொழிலாற் குறித்து அழைப்பது உலகத்து எல்லா நாடுகளிலும் உள்ள பழைய வழக்கமாகும். ஆனால் அத்தொழிலின் பெயர் அவனுக்குப் பின் அவன் மக்களுக்கும், அவர்தம் மக்களுக்கும், அவர்கள் அத்தொழிலைக் கைவிட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னருங்கூட நிழல்போல் தொடர்ந்து வருமாயின், அப்பெயர் அவர்க்குப் பெருமையோ சிறுமையோ என்னும் வினா எழுதல் இயல்பே. தொழிலாற் பெயர் பெற்ற குலங்களிற் பிறந்த நம்மனோர்க்கு இவ்வினா புதியதன்று. தம் குலத்தின் பெயரைச் சொல்ல நாணி வேறு பெயர் புனைந்துகொள்வாரையும், அப்பெயர்க்கு இல்லாத பழங்கதைகளைக் கட்டி அதனை உயர்த்த முயல்வாரையும் நாம் ஒருங்கே காண்கின்றோம். இவ்விரண்டும் பிற தேசத்தாரும் நடந்து பார்த்த வழிகளே. ஆதலின் ஜெர்மானியருள் மிகப் பரவிய குடிப்பெயர்களுள் ஒன்றாகிய 'வேபர்' என்பதன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெயரின் பொருள்

வேபர் என்னும் சொல்லுக்கு நெய்வோன் என்பது பொருள். ஜெர்மன் மொழியில் 'வேபென்' என்பது நெய்தலைக் குறிக்கும் வினை. அதனோடு செய்வோனைக் காட்டும் 'எர்' என்னும் ஈறு சேர்ந்து 'வேபர்' ஆயிற்று. இவ்வீறு அம்மொழிக்கே உரியதன்று. லத்தீன் மொழியில் வழங்கிய 'ஆரியுஸ்' என்னும் விகுதியைப் பண்டை ஜெர்மானியர் கடனாகப் பெற்றுத் தம் நாவுக்கு இசையத் திரித்துக்கொண்டனர் என்பர் மொழிநூலார். ஆகவே இச்சொல்லில் உடல் ஜெர்மானியருடையது, வால் ரோமருடையது. தொழில் செய்வார் ஊர்விட்டு ஊர் செல்வதுபோலச் சொற்களும் நாடுவிட்டு நாடு செல்லும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இச்சொல்லின் வேர் மிகப் பழமையானது. ஆங்கிலேயர் நெய்தலை 'வீவ்' என்றும், சிலந்தியின் வலையை 'வெப்' என்றும் கூறுதலை நம் அன்பர் பலர் அறிவர். அவையும் இவ்வேரிற் கிளைத்தனவே. பண்டைக் கிரேக்கரும் நெய்த துணியை இவ்வேரிற் பிறந்த சொல்லாலேயே வழங்கினர். வேதகாலத்துச் சம்ஸ்கிருதத்தில் சிலந்திக்கு 'ஊர்ணவாபி' என்று ஒரு பெயருண்டு. ஊர்ணா என்பது கம்பளி மயிர். வாபி என்பது நெய்வது. எனவே 'கம்பளி நெய்வது' என்பது அதன் பொருள். பிற்காலத்தார் 'வாபி' என்பதன் பொருளை மறந்தமையால், உந்தியிலிருந்து நூல் விடுவது என்னும் கருத்துத் தோன்ற 'ஊர்ணநாபி' என மாற்றி வழங்கினர். நம் நாட்டுப் புலவர் வாயில் வழங்கும் ஊர்ணநாபியும், ஜெர்மானியரின் வேபரும் ஒரு வேரிற் பிறந்த உடன்பிறப்புக்கள் என்பது வியத்தற்குரியதாம்.

இப்பெயர் அந்நாடெங்கும் ஒரே வடிவில் வழங்கவில்லை. வடபுலத்துத் தாழ்நில மொழியில் 'வேவர்' என்பர். கம்பளி நெய்வோன் 'வுல்லன்வேபர்' எனவும், ஆளிச்செடியின் நாரிலிருந்து எடுத்த நூலால் நெய்வோன் 'லைனவேபர்' எனவும் பிரித்துரைக்கப்பட்டனர். இவையும் குடிப்பெயர்களாகவே இன்றும் நின்று நிலவுகின்றன. நெசவைச் சூழ்ந்து நின்ற பிற தொழில்களும் தத்தம் பெயரை மக்களுக்கு ஈந்தன. நூற்கும் கதிரைச் செய்தவன் ஸ்பிண்ட்லர். நெய்த கம்பளத்தை நீரிலிட்டு மிதித்து இறுகச் செய்தவன் வால்க்கர். துணியை வெளுத்தவன் பிளைக்கர். சாயந் தோய்த்தவன் ஃபேர்பர். அதனை வெட்டி உடையாகத் தைத்தவன் ஷ்னைடர், வடபுலத்தில் ஷ்ரோடர். நூல் கதிரில் ஏறுவது தொடங்கி ஆடையாகி ஒருவன் உடம்பிற் படிவது வரை உள்ள ஒவ்வொரு படிக்கும் ஒரு குடிப்பெயர் அந்நாட்டில் உண்டென்க.

குடிப்பெயர் நிலைபெற்ற வரலாறு

ஆதியில் ஜெர்மானியர்க்குக் குடிப்பெயர் என்பதே இல்லை. ஒருவற்கு ஒரு பெயரே வழங்கிற்று. நகரங்கள் பெருகி மக்கள் நெருங்கி வாழத் தொடங்கிய பின், ஒரே தெருவில் நான்கு ஹைன்ரிக்கும் ஐந்து யோஹானும் இருந்தமையால், இன்னான் என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. வரி தண்டுவோர்க்கும், நிலவுரிமை எழுதுவோர்க்கும், வழக்குத் தீர்ப்போர்க்கும் இதனால் இடர் விளைந்தது. ஆகவே பெயரோடு ஓர் அடையாளம் சேர்த்து எழுதலாயினர். தந்தையின் பெயர், பிறந்த ஊர், குடியிருக்கும் இடம், உடலின் அல்லது குணத்தின் இயல்பு, செய்யும் தொழில் என்னும் ஐந்தனுள் ஒன்று அவ்வடையாளமாயிற்று. இவ்வழக்கம் 12-ஆம் நூற்றாண்டு முதலாக ரைன் நதிக்கரையிலும் தென்புலத்திலும் இருந்த நகரங்களில் வேரூன்றிப் பின் வடக்கும் கிழக்கும் பரவியது. நாட்டுப்புறங்களில் அது முற்றும் நிலைபெற மேலும் சில நூற்றாண்டுகள் சென்றன. வடகடலோரத்து ஃபிரீசியர் நெப்போலியன் ஆட்சியின் கட்டளையால் 1811-இல் தான் நிலையான குடிப்பெயர் பூண்டனர்; பிரஷ்யாவின் யூதர்க்கு அக்கட்டாயம் 1812-இல் வந்தது.

'நெய்வோனாகிய ஹைன்ரிக்' என்று முதலில் எழுதினர். நாளடைவில் இடையிலிருந்த சொற்கள் தேய்ந்து 'ஹைன்ரிக் வேபர்' ஆயிற்று. அவன் மகன் தறியில் அமர்ந்தவரையில் அப்பெயர் அவனது தொழிலையும் உண்மையாகவே காட்டிற்று. பேரன் கொல்லனுலையில் வேலைக்குச் சென்றபோதும் ஊரார் அவனை வேபர் வீட்டுப் பிள்ளை என்றே அழைத்தனர். அன்றே பெயரும் தொழிலும் பிரிந்தன. பழைய ஆவணங்களை ஆராய்வோர் இவ்விடத்தில் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஓர் ஏட்டில் 'வேபர்' என்றிருப்பதனாலேயே அவன் நெய்தான் என்று துணிதல் கூடாது. அஃது அவன் தொழிலோ, அவன் பாட்டனின் தொழிலோ என்பது ஐயத்திற்கிடமாகும். 'கொல்லனாகிய வேபர்' என்று ஓரிடத்தில் எழுதியிருப்பின், அங்கே அச்சொல் தொழிலை விட்டு வெறும் பெயராகிவிட்டது என்பது தெளிவு.

இன்றைய ஜெர்மனியில் மிகுதியாக வழங்கும் குடிப்பெயர்களை எண்ணினால், மாவரைப்போனாகிய மியுல்லர், கொல்லனாகிய ஷ்மிட், தையற்காரனாகிய ஷ்னைடர், மீன்பிடிப்போனாகிய ஃபிஷர் என்பாரோடு வேபரும் முன்வரிசையில் நிற்கக் காணலாம். இதற்குக் காரணம் யாது? ஒரு பேராண்மையாளன் வயிற்றிற் பிறந்து பல்கிய பெருங்குடி அன்று அது. ஆங்காங்கே, நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத நெசவாளர் பலர்க்குத் தனித்தனியே அப்பெயர் வந்து வாய்த்தது. ஊர்தோறும் மாவு வேண்டும், இரும்பு வேண்டும், ஆடை வேண்டும்; ஆகவே ஊர்தோறும் ஒரு மியுல்லரும் ஒரு ஷ்மிட்டும் ஒரு வேபரும் தோன்றினர். எனவே இரு வேபர்கள் சந்திப்பின் அவர் உறவினர் எனக் கொள்ளுதல் தவறு. ஆதிபுருஷன் ஒருவனைத் தேடி ஏடு புரட்டுவார்க்கு இப்பெயர் கூறும் விடை ஒன்றே: தேவையே எம் ஆதிபுருஷன்.

கம்பளி நெய்தாரும் ஆளிநூல் நெய்தாரும்

ஜெர்மானியரின் நெசவு பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமாபுரி அறிஞர் பிளினி, அந்நாட்டார் நிலத்தைத் தோண்டி, அதனுள் இருந்து ஆளிநூல் நெய்வதைத் தம் நூலிற் குறித்துள்ளார். காய்ந்த காற்றில் ஆளிநூல் எளிதில் அறும். நிலத்தின் ஈரம் அதனைக் காக்கும். நம் நாட்டுத் தறிக்குழியை அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். பிற்காலத்தும் ஈரம் பொருந்திய நிலவறைகளிலேயே ஆளிநூல் நெசவாளர் பலர் தம் வாழ்நாளைக் கழித்தனர். பண்டைநாளில் இல்லங்களில் நெய்தோர் பெரும்பாலும் பெண்டிரே. மிதியடியால் இயங்கும் கிடைத்தறி நகரங்களிற் பரவிய பின்னரே நெசவு ஆடவரின் பிழைப்புத் தொழிலாயிற்று. ஆங்கிலேயருள் வழங்கும் 'வெப்ஸ்டர்' என்னும் குடிப்பெயரின் ஈறு முதலில் பெண்பாலைச் சுட்டியதே. ஜெர்மானியரின் வேபரோ ஆண்பாற் சொல். பெயர் நிலைத்த காலத்தில் தறியில் யார் அமர்ந்திருந்தார் என்பதைப் பெயர் தன்னுள் அடக்கிவைத்துள்ளது.

நகரங்களில் கம்பளி நெய்வார் கைத்தொழிற் குழுக்களாகக் கூடி வலிமை பெற்றனர். ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரில் 1370-இல் நெசவாளர் ஏனைய குழுக்களுடன் எழுந்து, பரம்பரைச் செல்வக் குடியினரின் ஆட்சியை அகற்றித் தாமே நகரத்தை ஆண்டனர். அவ்வாட்சி நெடிது நிற்கவில்லை. 1371 நவம்பரில் நடந்த தெருப்போரில் அவர் தோற்றனர். பலர் மாண்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர். ஆயினும் கால் நூற்றாண்டு கழிந்து 1396-இல் அந்நகரத்தில் தொழிற்குழுக்களை அடியாகக் கொண்ட புதிய ஆட்சிமுறை எழுதப்பட்டபோது, கம்பளி நெய்தாரின் குழுவும் அதில் இடம் பெற்றது. வாளால் இழந்ததைக் காலத்தாற் பெற்றனர் எனலாம்.

தென்புலத்து ஆக்ஸ்பர்க் நகரின் வரலாறு மற்றொரு வகையானது. 1367-இல் கிராபென் என்னும் சிற்றூரிலிருந்து ஹான்ஸ் ஃபுக்கர் என்னும் நெசவாளர் அந்நகரிற் குடிபுகுந்தார். நெசவோடு நூலும் துணியும் வாணிகஞ் செய்து அவர் குடி தழைத்தது. அவர் பேரரான யாக்கோப் ஃபுக்கர் (1459-1525) ஐரோப்பாவின் பெருஞ்செல்வராகி, 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படுதற்குப் பொருளுதவி செய்தார். 1521-இல் அவர் எழுதிவைத்த அறக்கட்டளையால் எளியோர் குடியிருக்க அமைந்த 'ஃபுக்கரை' என்னும் குடியிருப்பு இன்றும் அந்நகரில் உள்ளது. ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், நெய்து உயர்ந்த இக்குடிக்கு வேபர் என்னும் பெயர் இல்லை என்பதே. லூபெக் நகரில் 1533 முதல் 1535 வரை தலைவராக இருந்து, 1537-இல் கொலைத்தண்டனை பெற்ற யூர்கன் வுல்லன்வேவர் பெயரளவிற் கம்பளி நெசவாளர், தொழிலில் வணிகர். பெயருடையார் நெய்யாமையும், நெய்தார் பெயரின்றி இருத்தலும் அக்காலத்தேயே நிகழ்ந்தன.

மானமும் அவமானமும்

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். கம்பளி நெய்தார் நகரவாழ்வில் மதிப்புப் பெற்றிருக்க, ஆளிநூல் நெய்தாரோ பல இடங்களில் 'மானமில்லாத் தொழிலினர்' என ஒதுக்கப்பட்டனர். மாவரைப்போர், ஆடு மேய்ப்போர், நாவிதர், குழலூதுவோர், சுங்கம் தண்டுவோர் ஆகியோரும் இவ்விழிவுக்கு ஆளாயினர். இதன் பொருள் வெறும் ஏளனமன்று. அத்தகையோர் பிள்ளைகள் வேறு கைத்தொழிற் குழுவிற் சேர்ந்து தொழில் பழக இயலாது. மணவுறவிலும் தடையுண்டு. ஒரு தச்சுக் குழுவிலோ தோல்வினைக் குழுவிலோ சேர விரும்பும் இளைஞன், தான் மானமுள்ள பெற்றோர்க்குப் பிறந்தவன் என்று எழுத்துமூலம் காட்டல் வேண்டும். தந்தை ஆளிநூல் நெய்தான் எனின் பல ஊர்களிற் கதவு அடைபட்டது. அவர்களை எள்ளிப் பாடும் பாட்டுக்களும் ஊரில் வழங்கின.

இவ்விழிவு எக்காரணத்தால் வந்தது? ஆளிநூல் நெசவு ஊர்ப்புறத்து ஏழைகளின் தொழில். பண்ணையடிமைகளும் பெண்டிரும் செய்த தொழில். நகரக் குழுக்களின் கட்டுக்குள் அடங்காத தொழில். அன்றியும், இல்லத்தார் தாம் நூற்ற நூலைக் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்வது வழக்கமாதலின், கொடுத்த நூல் முழுதும் துணியில் வந்ததா என்னும் ஐயம் நெசவாளன்மேல் எஞ்ஞான்றும் இருந்தது. தானியங் கொடுத்து மாவு பெற்றோர் மாவரைப்போனை ஐயுற்றதும் இவ்வாறே. பிறர் பொருளைக் கையில் வாங்கித் தொழில் செய்யும் ஏழைமேல் களவுப்பழி சுமத்தல் எத்தேசத்தும் எளிது. இவற்றினும் மேலாக, தொழிற்குழுக்கள் போட்டியைக் குறைக்கும் பொருட்டு வாயிலை அடைக்கக் காரணம் தேடின. பிறப்பின் இழிவு அதற்கு வசதியான தாழ்ப்பாளாயிற்று. இழிவு முதலில் தோன்றி, அதனால் விலக்கு வந்ததென்பதினும், விலக்க வேண்டியே இழிவு வளர்க்கப்பட்டது என்று கொள்ளுதல் பல இடங்களிற் பொருந்தும்.

இத்தீமையை நீக்கப் பேரரசே சட்டஞ் செய்ய நேர்ந்தது. 1548-இல் வெளியான பேரரசு ஒழுங்குச் சட்டம் ஆளிநூல் நெசவாளர், நாவிதர், ஆடு மேய்ப்போர், மாவரைப்போர் முதலியோரின் பிள்ளைகளைத் தொழிற்குழுக்களினின்றும் விலக்கலாகாது என விதித்தது. ஊரார் கேட்டிலர். 1577-இல் அவ்விதி மீண்டும் கூறப்பட்டது. அதன் பின்னும் 1731-இல் பேரரசுக் கைத்தொழிற் சட்டத்தில் மறுபடியும் அதனையே வலியுறுத்த வேண்டியதாயிற்று. ஒரே நீதியை 183 ஆண்டுகளில் மும்முறை கட்டளையிட வேண்டியிருந்தது எனின், ஊர்வழக்கத்தின் முன் சட்டம் எத்துணை மெலிந்து நின்றது என்பதை அன்பர்கள் உணர்க. மேலும், 1731-ஆம் ஆண்டுச் சட்டமும் இறந்த விலங்குகளை அகற்றித் தோலுரிப்போரை அந்நீதிக்குப் புறம்பாகவே நிறுத்திற்று. தமக்கு மேலுள்ளார் தம்மை ஒதுக்கியதை எதிர்த்தோர் பலர், தமக்குக் கீழ் ஒரு சாரார் ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டும் வாளாவிருந்தனர். இவ்வுண்மை எல்லா நாட்டுக் குலத்தார்க்கும் ஒரு பாடமாதல் வேண்டும்.

பெயரை மறைத்தலும் மாற்றுதலும்

15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கற்றோரிடையே வேறொரு வழக்கம் எழுந்தது. லத்தீனும் கிரேக்கமும் பயின்றோர் தம் தாய்மொழிப் பெயரை அம்மொழிகளில் பெயர்த்து வைத்துக்கொண்டனர். ஷ்மிட் 'ஃபாபர்' ஆனார். மியுல்லர் 'மோலிட்டர்' ஆனார். ஷ்னைடர் 'சார்ட்டோரியுஸ்' ஆனார். உழவர் குடியிற் பிறந்த பவுவர் 'அக்ரிக்கோலா' ஆனார். வேபர் 'டெக்ஸ்ட்டர்' ஆனார். பொருள் ஒன்றே; ஓசைதான் வேறு. அப்பெயர் கேட்டார்க்குத் தறியின் ஓசை எழாது, கல்லூரியின் மணியோசையே எழும். நம் நாட்டிலும் தமிழ்ப்பெயரை விடுத்து வடமொழியில் அதனையே பெயர்த்துக்கொண்டு உயர்ந்துவிட்டதாக எண்ணினோர் உண்டன்றோ? உள்ளத்து நாணம் ஒன்றே. உடுத்திய ஆடையே வேறு.

இதில் ஒரு விந்தை உளது. ஜெர்மானியரின் மகாகவியாகிய கோதே 1749-இல் ஃபிராங்க்பர்ட் நகரிற் பிறந்தார். அவர் தாய் பிறந்த குடியின் பெயர் டெக்ஸ்ட்டர். தாயைப் பெற்ற பாட்டனார் யோஹான் வொல்ஃப்காங் டெக்ஸ்ட்டர் அந்நகரத்தின் உயர்ந்த நீதிப்பதவி வகித்தவர். அவர் பெயரையே பேரனுக்கும் இட்டனர். அக்குடியின் முன்னோர் பூண்டிருந்த பழைய பெயர் வேபர் என்பதே. தந்தையைப் பெற்ற பாட்டனாரோ ஊசி பிடித்துத் தையற்றொழில் செய்து முன்னுக்கு வந்தவர். ஆகவே அம்மகாகவியின் ஒருபுறத்துப் பெயரில் தறியும், மற்றொருபுறத்து மரபில் ஊசியும் மறைந்து நிற்கின்றன. பெயரைப் பெயர்த்தெழுதியதால் அக்குடி உயர்ந்ததன்று; கல்வியாலும் பணியாலும் உயர்ந்தது. பெயரை மாற்றாதிருந்த எத்தனையோ வேபர்கள் அவ்வாறே உயர்ந்தமை இதற்குச் சான்றாம்.

கடல் கடந்து சென்றவர் பெயர் மாற்றியது வேறு வகை. 1683-இல் கிரேஃபெல்ட் என்னும் ஊரிலிருந்து 13 குடும்பத்தார் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் குடியேறி, ஜெர்மன்டவுன் என்னும் ஊரை அமைத்தனர். அவருட் பலர் ஆளிநூல் நெய்வோர். அவர்க்குப் பின் சென்ற ஜெர்மானியருள் வேபர் என்னும் பெயருடையார் பலர் நாளடைவில் ஆங்கிலத்தில் 'வீவர்' ஆயினர். பென்சில்வேனியாவில் லாங்காஸ்டர் வட்டத்தில் 'வீவர்லாண்டு' என்னும் ஊர்ப்பகுதிக்கு அவ்வாறு குடியேறிய வேபர் குடும்பத்தாராலேயே பெயர் வந்தது. இவர் நாணி மாற்றியவரல்லர். அயலார் நாவுக்கு எளிதாக்கி, பொருளை விடாது காத்தவராவர்.

சைலீஷியாவின் கண்ணீர்

பெயர் எங்கும் உயர்ந்துகொண்டிருக்க, தொழில் செய்தார் நிலை தாழ்ந்துகொண்டே வந்தது. நெசவாளர் தம் வீட்டில் தம் தறியில் நெய்தும், நூல் தருவோனும் துணி வாங்குவோனும் விலை குறிப்போனும் ஒரு வணிகனே ஆயினான். இங்கிலாந்தின் இயந்திர நூலும் இயந்திரத் துணியும் சந்தையை நிரப்பின. கூலி குறைந்தது; பசி மிகுந்தது. சைலீஷியா நாட்டில் பீட்டர்ஸ்வால்டாவ், லாங்கன்பீலாவ் என்னும் ஊர்களில் 1844 ஜூன் மாதம் 4-ஆம் நாள் முதலாகப் பருத்தி நெசவாளர் திரண்டெழுந்து, கூலியைக் குறைத்த வணிகர் மாளிகையைத் தகர்த்தனர். பிரஷ்ய அரசு படையை ஏவிற்று. லாங்கன்பீலாவில் படைஞர் சுட்டதில் 11 பேர் உயிர் துறந்தனர். அவ்விரண்டு ஊர்களும் இன்று போலந்து நாட்டில் பியெஷித்ஸே, பியெலாவா என வழங்குகின்றன.

அவ்வெழுச்சி அடங்கிற்று, ஆனால் அதன் குரல் அடங்கவில்லை. கவிஞர் ஹைன்ரிக் ஹைனே அவ்வாண்டிலேயே அந்நெசவாளரைப் பற்றிப் பாடினார். நெசவாளர் ஒருவரின் பேரராகிய கெர்ஹார்ட் ஹவுப்ட்மன், 'நெசவாளர்' என்னும் பொருளுடைய 'டீ வேபர்' என்னும் நாடகத்தை 1892-இல் வெளியிட்டார். பெர்லின் நகரக் காவலதிகாரிகள் அதனைப் பொது அரங்கில் நடிக்கத் தடை விதித்தனர்; வழக்காடியே அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாசிரியர்க்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓவியர் கெத்தே கொல்விட்ஸ் அந்நாடகத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்து 1893 முதல் 1897 வரை நெசவாளர் எழுச்சியைத் தொடர்சித்திரங்களாகச் செதுக்கினார். ஒருகாலத்தில் எள்ளற் பாட்டுக்குப் பொருளாயிருந்த வேபர் என்னும் சொல், இப்போது நீதி கேட்கும் சொல்லாயிற்று.

பெயர் பூண்ட பெரியோர்

வேபர் என்னும் பெயரைப் புகழுறச் செய்தோர் பலர். இசைவல்லார் கார்ல் மரீயா வேபர் (1786-1826) ஜெர்மன் மொழி இசைநாடகத்தைத் தழைக்கச் செய்தவர். மோட்ஸார்ட் என்னும் இசைமேதையின் மனைவி கான்ஸ்டான்ஸியும் அக்குடியினரே. வில்ஹெல்ம் வேபர் (1804-1891) கணிதமேதை கவுஸுடன் சேர்ந்து 1833-இல் கோட்டிங்கன் நகரில் மின்தந்தி அமைத்தவர். 1837-இல் அரசன் அரசியற்சட்டத்தை அழித்தபோது அதனைக் கண்டித்துப் பதவியிழந்த 7 பேராசிரியருள் ஒருவர். காந்தப் பாய்வை அளக்கும் அலகிற்கு உலகம் முழுதும் இன்று வழங்கும் பெயர் 'வேபர்' என்பதே. அது அவர் நினைவாக இடப்பட்டது. மின்பொறி கற்கும் நம் நாட்டு மாணவரும் அச்சொல்லை நாள்தோறும் சொல்லுகின்றனர். அது நெய்வோன் என்னும் சொல் என்பதை அறிந்து சொல்வார் சிலரே.

நம் நாட்டுடன் தொடர்புடையார் இருவரையும் குறித்தல் வேண்டும். ஆல்பிரெக்ட் வேபர் (1825-1901) சைலீஷியாவின் தலைநகராகிய பிரெஸ்லாவில் பிறந்தவர். அந்நாட்டு நெசவாளர் எழுந்த ஆண்டில் அவர் 19 வயது இளைஞர். பின்னர்ப் பெர்லினிற் பேராசிரியராக அமர்ந்து, சுக்கில யஜுர்வேதத்தைப் பதிப்பித்து, இந்திய இலக்கிய வரலாறும் எழுதினார். மற்றவர் சமூகநூலறிஞர் மாக்ஸ் வேபர் (1864-1920). இவர் தந்தை வழியினர் பீலஃபெல்ட் நகரத்து ஆளித்துணி வணிகர். 1908-இல் இவர் தம் உறவினரது ஊராகிய ஓர்லிங்ஹவுஸனுக்குச் சென்று, அங்குள்ள துணியாலையில் நெய்வோரின் உழைப்பையும் களைப்பையும் கூலிக் கணக்கையும் நாட்கணக்காக நோக்கி ஆராய்ந்தார். பின்னாளில் இந்தியாவின் சாதிமுறையைப் பற்றியும் விரிவாக எழுதினார். நெய்வோன் என்னும் பெயருடையார் ஒருவர், தாம் நெய்யாதவராயினும், நெய்வோரை ஆராயச் சென்றது பொருத்தமுடைத்தே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன யாவை? வேபர் என்னும் பெயர் ஒருவன் செய்த வேலையிலிருந்து பிறந்தது. தேவர் முனிவரிடமிருந்து இறங்கியதன்று. அப்பெயருடையார் யாவரும் ஒரு குருதியினர் அல்லர். பெயர் ஒன்றாயிருக்கவே அதனை ஊரார் இழித்தும் போற்றியும் பேசினர்; ஆகவே இழிவும் உயர்வும் பெயரில் இல்லை, பேசுவோர் நிலையில் உள்ளன. சட்டம் மும்முறை கூறியும் வழக்கம் எளிதில் வழிவிடவில்லை. லத்தீனில் மறைத்தவரும் உயர்ந்தனர், மறையாதவரும் உயர்ந்தனர். உயர்த்தியது கல்வியும் உழைப்புமே.

ஜெர்மனியில் இன்று வேபர் ஒருவர் மருத்துவராகவோ, உழவராகவோ, மந்திரியாகவோ இருத்தலை யாரும் வியப்பதில்லை. அப்பெயர் கொண்டு அவரை அளப்பாரும் இல்லை. பெயர் நிற்க, அதன் கட்டு அவிழ்ந்துவிட்டது. இதனையே நாம் நம் அன்பர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். நம் குலப்பெயர்களின் வரலாற்றை ஆராய்வோம். ஆனால் ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எழுதுவோம். பழம்பெருமை இல்லாவிடத்துப் புனைந்து சேர்க்க வேண்டா. உழைத்துண்ட முன்னோர்க்கு அதனினும் பெரிய பெருமை வேறில்லை. தொழிலின் பெயரைச் சொல்ல நாணவும் வேண்டா. அப்பெயரையே காரணமாகக் கொண்டு நம் பிள்ளைகளை ஒரே தொழிலிற் கட்டவும் வேண்டா. நமக்கு அடைபட்ட கதவைத் திறக்கக் கேட்கும் நாம், பிறர்க்கு அடைபட்ட கதவுகளுக்காகவும் கேட்போமாக. அவ்வாறு கேளாத சங்கம் தனக்குக் கிடைத்த நீதியையும் பாதியாகவே பெற்றதாகும்.